ஒருவர் மேல் விழுந்த ஆறு

படகுக்காரரைப் பற்றிய பாட்டை யார் எங்கே பாடினாலும், அதன் கடைசி அடி வரும்போது ஒரு வாளித் தண்ணீர் படகுக்காரரின் தலையில் விழும். எங்கிருந்து விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தவர்கள் கூரையைத்தான் பார்த்தார்கள். கூரை காய்ந்து கிடந்தது. ஆற்றுத் தண்ணீர்தான், அதில் சந்தேகமில்லை. வண்டல் நிறம், பாசி வாடை, சில நாட்களில் கூடவே விரல் நீளத்துக்கு ஒரு மீன். ஒருவர் பாடினால் ஒரு வாளி, இருவர் சேர்ந்து பாடினால் இரண்டு. வானொலியில் வந்தால், எத்தனை வீட்டில் பெட்டி அலறினாலும் பாடுகிறவர் ஒருவர்தானே என்று ஒரே வாளி. அந்த மட்டில் ஆறு நியாயமாகத்தான் நடந்துகொண்டது. இந்த அளவுகளையெல்லாம் சரிபார்த்துச் சொன்னவர் படகுக்காரரின் மனைவி. கடைத்தெருவில் பழைய பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஓர் அண்டாவைத் தூக்கிப் பார்த்தே அது எவ்வளவு பிடிக்கும், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது, விற்க வந்தவர் வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது வரை சொல்லிவிடக் கூடியவர். அவர் ஒரு வாளி என்றால் அது ஒரு வாளி.

பாட்டு பிறந்தது ஒரு வெள்ளத்தில். நல்ல வியாபார நேரத்தில், பத்தரை மணிக்கு, ஆறு கடைத்தெருவுக்குள் வந்தது. கதவைத் தட்டவில்லை, விலை கேட்கவில்லை. வந்ததும் இரண்டாவது அலமாரித் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தானியக் கிடங்கின் மச்சில் ஏறி நின்றவர்களை எடுத்துப்போக ஒரே ஒரு படகு வந்தது. இருபது பேருக்குச் செய்த படகில் முப்பது பேர் ஏறினார்கள். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு விரற்கடைதான் மிச்சம். அப்போது எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முதுகில் துணிமூட்டையோடு, நீச்சல் தெரியாத துணிக்கடைக்காரர் கத்தினார். படகுக்காரர் விளிம்பைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மூட்டைக்குக் கீழே இருந்த ஆளைப் பார்த்தார். துடுப்பைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அந்த இடத்தில் துணிக்கடைக்காரர் ஏறினார், மூட்டையோடு. கொஞ்ச தூரம் வரை படகின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகள் தெரிந்தன. அப்புறம் தெரியவில்லை.

துடுப்பை வாங்கியவர் தானியக் கிடங்கின் எடைக்காரர். அவர் எடையைக் கூவினால் நான்காவது தெருவில் இருக்கும் வியாபாரி அங்கிருந்தே பேரத்தைத் தொடங்குவார், அப்படி ஒரு குரல். முப்பத்தொரு பேரையும் கரை சேர்த்துவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் எழுந்து அந்தப் பாட்டைக் கட்டினார். கொடுப்பதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை. குரல் மட்டும்தான் நனையாமல் மிஞ்சியிருந்தது. பாட்டு வெள்ளத்தின் தேதியைச் சொன்னது, மணியைச் சொன்னது, எந்தக் கடையில் எந்தத் தட்டு வரை தண்ணீர் ஏறியது என்பதைச் சொன்னது. பின்னால் வந்த காப்பீட்டு அதிகாரிகள்கூட அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதன் முடிவு இது:

ஏறினவங்க முப்பத்தொண்ணு,
இறங்கினவன் ஒருத்தனடி;
துடுப்பு மட்டும் கரை சேர
ஆளை ஆறு கொண்டதடி.

ஐந்தாம் நாள் ஊரே அதைப் பாடிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் படகுக்காரர் வீடு திரும்பினார். மிதந்து வந்த கதவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒரு செங்கல் சூளையருகே ஒதுங்கி, தலையில் ஓயாமல் தண்ணீர் விழுவதாகக் காய்ச்சலில் கனவு கண்டபடி கிடந்துவிட்டு வந்திருந்தார். தெருமுனையில் நான்கு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரையோ பற்றிப் பாடுவதைக் கேட்டார். யாரோ நல்லவன் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தார். கடைசி அடியில் நான்கு வாளி விழுந்தது. மாடியிலிருந்து யாரோ பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று மாடியைப் பார்த்துத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் அவர் மனைவி வாசலுக்கு ஓடி வந்தார்.

எடைக்காரர் வந்து காலில் விழுந்தார். "அண்ணே, நீங்க முங்கினதை நான் என் கண்ணால பாத்தேன்ணே. செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

"பரவாயில்லப்பா, நானே அப்படித்தான் நெனச்சேன்" என்றார் படகுக்காரர். "பாட்டு நல்லா இருக்கு. என் மூக்கைப் பத்திச் சொன்னது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

இறங்கியது ஏன் என்று மனைவி கேட்டபோது, கால் மரத்துப் போயிற்று, கொஞ்சம் நீட்டலாம் என்று இறங்கினேன் என்றார். அப்புறம் கரை சேர்ந்த துடுப்பை வாங்கி வர எழுந்து போனார். துணிக்கடைக்காரரோ அந்த வாரமே, தான் கூரை மேல் கூரையாகத் தாவித் தன் முயற்சியில் தப்பியதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். ஆண்டுக்கு ஒரு கூரை அதில் கூடிக்கொண்டே போயிற்று. படகில் இருந்த முப்பது பேருக்கும் உண்மை தெரியும். ஆனாலும் நாளைக்கு அவர் கடையில் துணி எடுக்கப் போக வேண்டும், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் அவர் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார்.

இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. படகுக்காரர் வெளியே போகும்போது மாற்று உடை ஒன்றைப் பையில் எடுத்துப் போனார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு வானொலியில் அந்தப் பாட்டு வரும் என்பதால் ஏழரைக்கே தகரத் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்வார். மனைவி அந்தத் தண்ணீரைத் தெளியவைத்து வீடு கழுவுவார். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த ஒரு கோடையில் பக்கத்து வீட்டுக்காரி வெறும் வாளியோடு ஜன்னலோரம் நின்று, "அண்ணி, ஒரே ஒரு தடவை, மெல்லமாப் பாடிக்கட்டுமா?" என்று கேட்டதும் உண்டு. படகுக்காரர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிற ஆள் இல்லை, அதுதான் அவரிடம் கோளாறு. கல்யாண வீடுகளில் அவர் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் படகில் ஏறுகிறவர்கள் வெயில் காலத்திலும் குடை எடுத்து வந்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் அவர் எல்லோரையும் போல் இருந்தார்.

ஒன்பதாம் ஆண்டில் இருமல் பிடித்தது. மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே அலையடிக்கிற சத்தம் கேட்கிறது என்றார். "இனிமே இவர் மேல ஈரம் படக் கூடாதும்மா. இன்னும் ஒரு தடவை நல்லா நனைஞ்சார்னா நான் பொறுப்பில்ல." மனைவி அன்றே கடையைப் பூட்டிவிட்டு எடைக்காரரிடம் போனார். பேரம் பேசுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு: கேட்க வந்ததை விட்டுவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கேட்பார். பாட்டையே விட்டுவிடு என்றார். எடைக்காரர் பதறிப்போய், முடிவை மட்டும் மாற்றித் தருவதாக இறங்கி வந்தார். அதுதான் வேண்டியிருந்தது.

முதலில் உள்ளதை உள்ளபடி, "வீடு வந்து தூங்கினான்" என்று முடித்துப் பார்த்தார்கள். எடைக்காரர் சந்தையில் அதைப் பாடிய நேரத்தில் படகுக்காரர் நடு ஆற்றில் துடுப்பும் கையுமாகத் தூங்கிப்போனார். பதினோரு பயணிகளும் இரண்டு ஆடுகளும் மூன்று மைல் கீழே போய் இறங்கினார்கள். அடுத்து, "வேற தேசம் போனானடி" என்று மாற்றினார்கள். படகுக்காரர் செருப்புகூடப் போடாமல் கிளம்பி, ஊர் எல்லைச் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது பிடித்து நிறுத்தப்பட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தெரியலீங்க, பாட்டுல அப்படித்தான் வருது" என்றாராம். மூன்றாவதாக, மனைவியோடு நூறாண்டு வாழ்ந்தான் என்று மனைவியே சொல்லிக்கொடுத்த ஒரு முடிவு. அதைக் கேட்ட சந்தைக் கூட்டம் சிரித்தது. "யோவ், நாங்க அழறதுக்கு வந்திருக்கோம், உண்மையான முடிவைப் பாடுய்யா" என்று ஒருவர் கத்த, கூட்டத்தில் நாற்பது பேர் தாங்களே பழைய முடிவைப் பாடிக் காட்டினார்கள். வீட்டில் படகுக்காரரைக் கட்டிலோடு தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. விற்றுப் போன சரக்கைத் திரும்பக் கேட்டால் எந்த ஊரில் கொடுக்கிறார்கள்?

அவர் பிழைத்து வந்த மாதத்தில்தான் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி முடிந்தது. திறப்பு விழாவில் ஐந்நூறு பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடுவார்கள் என்று நகரசபை சுவரொட்டி ஒட்டியது. பாத்திரக்கடை அம்மாவுக்கு மனக்கணக்கே போதும். ஐந்நூறு வாளி. விழாக்களில் கடைசி அடியை மூன்று தடவை பாடுவது வழக்கம், ஆயிரத்து ஐந்நூறு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மனிதன் மூழ்குவதற்கு அது மிக மிக அதிகம்.

நகரசபை எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பாலத்துக்கு உங்க வீட்டுக்காரர் நினைவாத்தான்மா பேர் வெச்சிருக்கோம். மறைந்த படகோட்டின்னு கல்வெட்டே அடிச்சாச்சு. இப்பப் போய் உயிரோட இருக்கார்னு எழுதிக் கொடுத்தா நான் மூணு ஆபீசுக்குப் பதில் சொல்லணும்."

"கல்வெட்டு கிடக்கட்டும் சார். பாட்டுல அந்தக் கடைசி அடியை மட்டும் எடுத்துடுங்க."

"ஒப்புதல் ஆன பாட்டுலேருந்து எதையும் எடுக்க முடியாது."

"சேக்கலாமா?"

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். சேர்ப்பதைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. "சேக்கலாம்" என்றார், அந்த அம்மா ஏன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார் என்பது புரியாமல்.

எதைச் சேர்ப்பது என்பது அவருக்கும் ஓடும்போது தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் தையல்காரி. அந்தப் படகில் ஒன்பதாவதாக ஏறியவர். படகுக்காரரின் சட்டைகள் ஈரத்தில் இற்றுப் போவதால் மாதம் ஒன்று தைத்துத் தருபவரும் அவர்தான். அன்று படகுக்காரர் வீட்டில் உட்கார்ந்து சட்டையில் பொத்தான் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பொத்தானும் முடிந்தது, நூலைப் பல்லால் கடித்தார். "அக்கா, அன்னிக்கு நாங்க எல்லாருமே நனைஞ்சோம். பாட்டுல இவர் ஒருத்தர்தான் நனையறார். எங்களை வெறும் முப்பத்தொண்ணுன்னு எண்ணி மூட்டை கட்டி வெச்சுட்டான் அந்த எடைக்காரன். எண்ணுக்கு எங்கேயாவது தலை இருக்கா, தண்ணி விழ? என்னை உள்ள போடச் சொல்லு."

எடைக்காரர் வந்து, ஊசி நூலைப் பல்லில் கடித்தபடி தையல்காரி ஏறினாள் என்று ஓரடி கட்டிச் சேர்த்தார். பாடிப் பார்த்தார்கள். படகுக்காரரின் சட்டையில் வலது கை மட்டும் நனையவில்லை. தையல்காரியின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொஞ்சம் தள்ளித் தரையில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய ஏழு வயது மகளும் கன்னத்தைத் துடைத்தாள். "இவ அன்னிக்குப் பொறக்கவே இல்லையே" என்றார் எடைக்காரர். "நான் பொழச்சதாலதானேய்யா பொறந்தா" என்றார் தையல்காரி, இது தெரியாதா என்பது போல. நனைந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், துடைத்துவிடவில்லை.

செய்தி கடைத்தெருவில் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பூட்டு ரிப்பேர்காரர் வந்தார், தன் அடி சின்னதாக இருந்தால் போதும் என்றார். மாவுமில் வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் பத்து வருடமாகப் பேசாதவர்கள். தனித்தனியாக வந்தார்கள், எடைக்காரர் வேண்டுமென்றே இருவரையும் ஒரே அடியில் போட்டார். பல் மருத்துவர் தன் அடியில் எதுகை சரியில்லை என்று இரண்டு தடவை திருத்தி வாங்கினார். வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த ஒரு பெண், குடைகூட எடுக்காமல் முதல் பேருந்தில் வந்து இறங்கி, "இத்தனை வருஷமா ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன், எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நனையறதுதான் வழின்னா நான் குளிச்சே போறேன்" என்றாள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு மனிதன் தங்களுக்குப் பதிலாக நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தங்கள் பங்கு என்று ஒன்று இருப்பதை யாரோ சொன்னதே அவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. விழாவுக்கு முந்தைய நாள் எடைக்காரர் தன்னையும் சேர்த்து முப்பது பேருக்கும் அடி கட்டி முடித்திருந்தார்.

முப்பத்தொன்றாவது ஆள் துணிக்கடைக்காரர். பாத்திரக்கடை அம்மா நேரே அவர் கடைக்குப் போனார். அவரிடம் அன்று பேரத் தந்திரம் எதுவும் இல்லை. "முதலாளி, ஒரே ஒரு அடி. அவர் உயிரு" என்றார். துணிக்கடைக்காரர் விரித்த துணியை மடித்தார், மடித்ததை விரித்தார். "நான் கூரை வழியாப் போனவன்மா. இல்லாததைப் பாட்டுல போடலாமா? சரித்திரமாச்சே" என்றார். அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம், ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடுவது போல, பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிவிட்டார்.

விழா நாளில் வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. பாலத்தின் தலைமாட்டில் மேடை. சங்கத் தலைவர் என்ற முறையில் துணிக்கடைக்காரர் மேடையில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். மறைந்த படகோட்டி என்று பொறித்த கல்வெட்டுக்குப் பக்கத்தில் படகுக்காரருக்கு ஒரு நாற்காலி. தோளில் கம்பளி, பின்னால் குடையோடு மனைவி, அவருக்கும் பின்னால் மருத்துவர். எடைக்காரர் ஒவ்வோர் அடியாகப் பாட, ஐந்நூறு பிள்ளைகள் வாங்கிப் பாடினார்கள். தையல்காரி ஏறினாள், பூட்டுக்காரர் ஏறினார், அண்ணன் தம்பி ஒரே அடியில் முழங்கை இடித்துக்கொண்டு ஏறினார்கள். கடைசி அடி முதல் தடவை வந்தபோது, அந்தத் தெளிந்த வானத்தின் கீழ் கூட்டத்தில் அங்கங்கே மழை பெய்தது. முப்பது பேர் மேல், அவர்கள் பிள்ளைகள் மேல், இடுப்பில் இருந்த பேரக் குழந்தைகள் மேல். பக்கத்தில் நின்றவர்கள் காய்ந்திருந்தார்கள். நனைந்தவர்கள் சிரித்தார்கள், சிலர் கைகூப்பினார்கள். ஆனால் முப்பத்தொன்றாவது பங்குக்குப் போக இடமில்லை. அது எப்போதும் போகும் இடத்துக்கே போயிற்று. பதினாறு வாளி ஒன்றாக இறங்கியதில் குடை மடங்கிக் கிழிந்தது. படகுக்காரர் குனிந்து இருமினார், இருமல் நிற்கவில்லை.

எடைக்காரர் பாட்டை நிறுத்தக் கையைத் தூக்கினார். பிள்ளைகளுக்கு அது தாளம் என்று பட்டது. இரண்டாம் தடவை தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது பதினாறு வாளியில் படகுக்காரர் நாற்காலியிலிருந்து சரிந்தார். மனைவி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேடையில் துணிக்கடைக்காரரின் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது. எதிரே முப்பது பேரும் சொட்டச் சொட்ட நின்று அந்தச் சட்டையைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளாகவும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சரிந்து கிடந்தவர் கண்ணைத் திறந்து, மேடையைப் பார்த்து, பரவாயில்லை என்பது போல் கையை லேசாக அசைத்தார்.

அந்த அசைவைத்தான் துணிக்கடைக்காரரால் தாங்க முடியவில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்தார். "நானும்தான்யா இருந்தேன்! மூட்டையோட நான்தான் ஏறினேன், அதனாலதான் அந்த மனுஷன் இறங்கினாரு! கூரையும் இல்ல, ஒண்ணும் இல்ல! எழுதுய்யா, பாடுய்யா என்னை!"

எடைக்காரர் நூறு மூட்டைக்கு ஒரே மூச்சில் எடை சொல்கிறவர். மூச்சு வாங்காமல் பாடினார்: "மூட்டையோட கடைக்காரர் முப்பத்தொண்ணா ஏறினார்." ஐந்நூறு பிள்ளைகளும் அதை வாங்கி, மூன்றாம் தடவைக்குள் நுழைந்தார்கள். தண்ணீர் இந்தத் தடவை மேடைக்குப் போயிற்று. துணிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கி, முழுவதையும் வாங்கிக்கொண்டார். கீழே முதல் வரிசையில் அவருடைய மகள்கள் மூவரும் நனைந்து நின்றார்கள். இறங்கி வந்து படகுக்காரரின் பக்கத்தில் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார். படகுக்காரருக்கு இருமல் அடங்கியிருந்தது. மீசையில் நின்ற ஒரே ஒரு துளியை விரலால் தள்ளிவிட்டு, "அன்னிக்கு அந்தத் துணியெல்லாம் நனையாம வந்துச்சா, முதலாளி?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பாதி வந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுத் துணிக்கடைக்காரர் அழுதார்.

அன்று மாலை பாத்திரக்கடை அம்மாவுக்குக் கொடியில் உலர்த்த ஒரே ஒரு சட்டைதான் இருந்தது. தகரத் தொட்டியை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார். படகுக்காரர் அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள், பாலத்தின் கைப்பிடிக்கு எண்ணெய்ச்சாயம் பூசுகிற வேலையில், வெயிலில் காய்ந்து சந்தோஷமாக வாழ்ந்து, எண்பத்து நான்காம் வயதில் உலர்ந்த படுக்கையில் இறந்தார். எழுத்தர் கோப்பை எடுத்துப் பார்த்தார். திருத்த வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டு இப்போதும் வருகிறது. முப்பத்தொரு பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பெருகிவிட்டதால் ஆளுக்கு விழுவது ஒரு துளி, சிலருக்கு அதிலும் பாதி. தூரத்து ஊர்களில், அந்த ஆற்றைப் பார்த்தேயிராதவர்களுக்கும் விழுகிறது. பேருந்தில் ஓட்டுநர் வானொலியைப் போடுவார். கடைசி அடியில் முன் இருக்கையில் ஒருவர் புருவத்தைத் துடைப்பார், நான்கு வரிசை தள்ளி இன்னொருவர் கண்ணாடியைத் துடைப்பார். ஜன்னல் மூடியிருக்கும். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

"நீங்களும் அந்தப் படகா?"

"எங்கம்மா வழியில."

அவ்வளவுதான் பேச்சு. முன்னால் இருப்பவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விடுவார். பின்னால் இருப்பவர் எழுந்து வந்து உட்கார்ந்துகொள்வார்.